எது அலை?

(தில்லையடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

2021 ஆகஸ்ட் கடைசி வாரம். அப்போது நான் இந்தப் புத்தளம் மாவட்டத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஒரு வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டப் போயிருந்தேன். களப்பில் வலை போடுகிற ஒருவர் திண்ணையில் இருந்தார். மனைவிக்குத் தொற்று, உள் அறையில் படுத்திருக்கிறார். பசை காய்வதற்குள் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“சேர், இது எத்தனையாவது அலை?”

“மூன்றாவது” என்றேன். ரேடியோவிலும் அப்படித்தான் சொன்னார்கள். எங்கள் படிவத்திலும் அப்படித்தான் இருந்தது.

“மூணாவது நோன்பு காலத்தில வந்ததுதானே? அது வடிஞ்சு போச்சே. ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் கடையெல்லாம் திறந்து கிடந்துச்சே. வடிஞ்ச தண்ணி மறுபடி ஏறி வந்தா, அது வேற அலைதானே?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். இன்று இங்கே பேசுவதெல்லாம் அன்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான். அவர் சொன்னது சரி. படிவம்தான் பிழை. ஏன் பிழை, அந்தப் பிழையால் நமக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். ‘முதலாம் அலை, இரண்டாம் அலை’ என்று உலகமே பேசியது. ஆனால் எங்கே தொடங்கினால் அலை, எங்கே முடிந்தால் அலை ஓய்ந்தது என்று எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட வரையறை எதுவும் அப்போது இருக்கவில்லை. 2020 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் பேச்சாளர் மார்கரெட் ஹாரிஸ், பருவத்துக்குப் பருவம் அலை வரும் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள், இது ஒரே பெரிய அலை என்ற பொருளில் பேசினார். அதை ஒட்டிய மாதங்களில் ஐரோப்பாவில் சிலர் இரண்டாம் அலை வந்துவிட்டது என்றார்கள், சிலர் முதலாவதே முடியவில்லை என்றார்கள். எல்லோரும் பார்த்தது ஒரே வரைபடத்தைத்தான்.

இந்தியாவை எடுத்தால் இந்தச் சண்டைக்கு இடமே இல்லை. 2020 செப்டெம்பரில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தொற்று. 2021 பெப்ரவரியில் அது பத்தாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. மே மாதத்தில் நான்கு இலட்சத்தைத் தாண்டியது. நடுவில் அவ்வளவு ஆழமான பள்ளம். சின்னப் பிள்ளைகூட ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணிவிடும். எல்லா நாட்டுக்கும் வரைபடம் அப்படி அமைவதில்லை. நம் நாட்டில் அமையவில்லை.

நம் நாட்டில் எப்படி எண்ணினார்கள்?

2020 ஜனவரி 27 இல் முதல் தொற்றாளர், சீனாவிலிருந்து வந்த ஒரு சுற்றுலாப் பயணி. மார்ச்சில் உள்நாட்டில் முதல் தொற்று, இத்தாலியப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்தவர். அடுத்து நம் மாவட்டம். தெற்கே வென்னப்புவ, மாரவிலப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் இத்தாலியில் இருப்பார்கள், உங்களுக்குத் தெரியும். திரும்பி வந்தவர்களை நினைத்து, மார்ச் 18 இல் புத்தளம் மாவட்டத்திலும் நீர்கொழும்புப் பக்கம் கொச்சிக்கடையிலும் ஊரடங்கு போட்டார்கள். நாடு முழுவதற்கும் ஊரடங்கு வந்தது இரண்டு நாள் கழித்து, 20 ஆம் திகதி. நாட்டின் முதல் கொவிட் மரணமும் மாரவிலக்காரர் ஒருவருடையது. மார்ச் 28. ஆக நாடு அலை என்ற சொல்லைப் பழகுவதற்கு முன்பே நாம் வீட்டுக்குள் அடைபட்டிருந்தோம்.

பிறகு வெலிசறை கடற்படை முகாம். பிறகு கந்தக்காடு புனர்வாழ்வு நிலையம். ஒவ்வொன்றையும் ‘கொத்தணி’ என்றார்கள். ஒருவரிடமிருந்து தொடங்கி, ஓர் இடத்தைச் சுற்றிக் கொத்தாகத் தொற்றியவர்கள் என்று பொருள். நல்ல சொல். திராட்சைக் கொத்தைப் போல ஒரு காம்பைப் பிடித்தால் எல்லாப் பழமும் கையில் வந்துவிடும். அன்று எங்கள் வேலை அந்தக் காம்பைத் தேடுவதுதான். அந்த முதல் எட்டு மாதத்திலும் நாட்டில் சுமார் 3,400 பேருக்குத்தான் தொற்று, 13 பேர்தான் மரணம். காம்பைப் பிடித்தோம் என்று நான் பெருமையாகவே சொல்வேன்.

2020 ஒக்டோபர் 4. மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலை. அந்த மாதக் கடைசியில் பேலியகொடை மீன் சந்தை. தொற்றுநோயியல் பிரிவின் கணக்கில் இரண்டாம் அலை அந்த ஒக்டோபர் 4 இல்தான் தொடங்குகிறது. தொடங்கிய காரணத்தைக் கவனியுங்கள். தொற்று இந்த அளவுக்கு ஏறியது என்பதற்காக அந்தத் திகதியைக் குறிக்கவில்லை. புதிய கொத்தணி ஒன்று பிறந்தது, ஆகவே புதிய அலை. மூன்றாவதும் அப்படித்தான். 2021 ஏப்ரல் 15 முதல் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் எல்லாம் ‘புத்தாண்டுக் கொத்தணி’. அந்த வாரம்தான் நமக்கு நோன்பு தொடங்கியது.

இங்கேதான் சொல் நம்மை ஏமாற்றத் தொடங்கியது. மினுவாங்கொடைத் தொழிற்சாலைக்குக் காம்பு உண்டு. புத்தாண்டுக்கு ஏது காம்பு? அது ஒரு திகதி. தீவு முழுவதும் கடைக்குப் போனவர்கள், ஊருக்குப் போனவர்கள், பஸ்ஸில் இடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லோருக்கும் ஒரே கொத்தா? மே மாதத்தில் ஒருவர் எங்கிருந்து தொற்றிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் படிவத்தில் ‘கொத்தணி’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை வெறுமையாக விட முடியாது. மேலே ஓர் அலுவலகத்தில் கேட்டபோது, புத்தாண்டு என்றே போடச் சொன்னார்கள். போட்டேன். நான் மட்டும் எத்தனை நூறு படிவத்தில் அப்படிப் போட்டேன் என்பது இன்றைக்கும் மனதில் குத்துகிறது.

அந்தக் கட்டத்தால் வந்த முதல் கேடு, எல்லோருக்கும் ஒரு கொத்தணி இருக்கிறது, ஆகவே சமூகப் பரவல் இல்லை என்று சொல்ல முடிந்ததுதான். பேலியகொடைக் காலத்தில் இதை எத்தனை முறை கேட்டோம்! இரண்டாவது கேடு பழி. அலைக்கு ஓர் இடத்தின் பேர், ஒரு தொழிலின் பேர், ஒரு பண்டிகையின் பேர் வைத்தால், அந்த இடத்தவரும் அந்தத் தொழிலாளரும் குற்றவாளி ஆகிவிடுகிறார்கள். தொழிற்சாலையில் வேலை செய்த பெண் பிள்ளைகளுக்கு அறை வாடகைக்குக் கொடுக்க மறுத்தார்கள். மீன் வியாபாரிகளைக் கண்டு ஒதுங்கினார்கள். பழி சுமப்பது எப்படி இருக்கும் என்பதை நம் முஸ்லிம் சமூகத்துக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்மில் பாதிப் பேர் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, கையோடு கிடைத்ததை எடுத்துக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தவர்கள். 2020 இல் நோயையும் நம் தலையில் வைத்துப் பேசினார்கள்.

இந்த இரண்டையும்விடப் பெரியது மூன்றாவது கேடு. கொஞ்சம் எண்களைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021 ஏப்ரல் நடுப்பகுதியில் நாட்டின் மொத்தக் கொவிட் மரணம் அறுநூறைச் சற்றுத் தாண்டியிருந்தது. ஏப்ரல் கடைசியில் ஒரு நாளைக்கு ஆயிரம் தொற்று, மே, ஜூனில் மூவாயிரம் என்று ஏறியது. நோன்புப் பெருநாள் மே 14 இல் வந்தது. முந்தின இரவு பதினொரு மணிக்கு நாடு முழுவதும் பயணத் தடை போட்டார்கள், 17 ஆம் திகதி அதிகாலை வரை. பிறகு மே கடைசியிலிருந்து ஜூன் வரை இன்னும் நீண்ட தடை. தொற்று இறங்கியது. ஜூன் முடிவில் மொத்த மரணம் மூவாயிரத்தைச் சற்றுத் தாண்டி நின்றது. ஜூலையில் நாளாந்தத் தொற்று உச்சத்தில் பாதிக்கும் கீழே வந்தது. திண்ணையில் இருந்தவர் சொன்ன ‘வடிஞ்சு போச்சு’ இதுதான்.

பிறகு மறுபடி ஏறியது. ஆகஸ்டில் முந்தைய உச்சத்தையெல்லாம் தாண்டியது. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் ஒரே நாளில் இருநூறுக்கும் மேற்பட்ட மரணங்கள் அறிவிக்கப்பட்டன. ஆகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை தனிமைப்படுத்தல் ஊரடங்கு. செப்டெம்பர் முடிவில் மொத்த மரணம் ஏறத்தாழ 13,000.

கழித்துப் பாருங்கள், பிள்ளைகளே. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முடிவு வரை ஏறத்தாழ 2,500 உயிர். ஜூலை, ஆகஸ்ட், செப்டெம்பர் மூன்று மாதத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேல். இந்த இரண்டையும் ஒரே பேருக்குள் போட்டு ‘புத்தாண்டுக் கொத்தணி, மூன்றாம் அலை’ என்று செப்டெம்பரிலும் எழுதிக்கொண்டிருந்தோம். சித்திரைப் புத்தாண்டு முடிந்து ஐந்து மாதம்!

உள்ளே இருந்த கிருமியும் ஒன்றல்ல. ஸ்ரீ ஜயவர்த்தனபுர பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலிகா மலவிகே, சந்திம ஜீவந்தர ஆகியோரின் குழு மரபணுத் தொடரைப் படித்துச் சொன்னது இது: இரண்டாம் அலைக் காலத்தில் பரவியது பீ.1.411 என்ற, இலங்கைக்கே உரிய வகை. ஏப்ரல், மேயில் அல்பா. ஜூனில் கொழும்பு தெமட்டகொடையில் டெல்ட்டா தலைகாட்டியது. ஆகஸ்டில் எங்கும் டெல்ட்டா. அல்பா வந்து இறங்கிய பிறகு டெல்ட்டா ஏறி வந்தது. இரண்டு ஏற்றம், நடுவில் ஓர் இறக்கம். மீனவர் கண்ணால் பார்த்தது ஆய்வுகூடத்திலும் தெரிந்தது. படிவத்தில் மட்டும் தெரியவில்லை.

ஜூலை கடைசியில் ‘நான்காம் அலை தொடங்கிவிட்டது’ என்று ஒரு குரல் வானொலியில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மக்கள் ‘அதே மூன்றாம் அலையின் வால்’ என்று நினைத்துக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போனார்கள். வாலுக்கு யார் பயப்படுவார்கள்? புதிய எண் என்பது அபாயச் சங்கு. அதை ஊத வேண்டிய நேரத்தில் ஊதவில்லை.

சரி, எப்படி வரையறுத்திருக்க வேண்டும்?

களப்புக் கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சுலபம். களப்பில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. ஏறுகிறதா, வற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். கரையில் ஒரு முளை அடித்து, காலையில் ஒரு கோடு, மாலையில் ஒரு கோடு. முழங்கால் தண்ணீர்தான், ஆனால் ஏறுகிறது என்றால் தோணியைக் கட்டு. இடுப்பளவு தண்ணீர், ஆனால் வற்றுகிறது என்றால் பொறு.

நோய்க்கும் அப்படி ஒரு முளை இருக்கிறது. தொற்றிய ஒருவர் சராசரியாக இன்னும் எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்ற எண். பரவல் எண் என்று வைத்துக்கொள்வோம். அது ஒன்றுக்கு மேலே இருந்தால் ஏற்றம், கீழே இருந்தால் இறக்கம். நூறு பேரில் தொடங்குங்கள். எண் 1.2 என்றால், ஐந்து கை மாறியதும் 249 பேர். எண் 0.8 என்றால், அதே ஐந்து கை மாறியதும் 33 பேர். ஒரு கைக்கு ஐந்து நாள் என்று வைத்தால், இவ்வளவு வித்தியாசம் வர இருபத்தைந்தே நாள் போதும். 1.2, 0.8 என்று கேட்டால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. வைத்தியசாலை வாசலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2021 இல் ஸ்டீபன் சாங் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் இதை வைத்தே ஒரு வரையறை முன்வைத்தார்கள். பரவல் எண் ஒன்றைவிடத் தெளிவாக மேலே, ஓரிரு நாள் என்றில்லாமல் தொடர்ந்து நின்றால் அது ஏறுகாலம். அதேபோல ஒன்றுக்குத் தெளிவாகக் கீழே தொடர்ந்து நின்றால் இறங்குகாலம். இந்த ஏறுகாலங்களையும் இறங்குகாலங்களையும் கொண்டுதான் அலையை அடையாளம் காண வேண்டும். எந்தத் தொழிற்சாலை, எந்தச் சந்தை, எந்தப் பண்டிகை என்ற கேள்வி வரையறைக்குள் வராது. இடத்தைத் தேடுவது பரிசோதகரின் வேலை, அதைச் செய்யத்தான் வேண்டும். அலைக்குப் பேர் வைக்க அது உதவாது.

இதற்கு இன்னொரு பலன் உண்டு. பரிசோதனை குறைவாகச் செய்தால் தொற்றாளர் எண்ணிக்கை குறைவாகத் தெரியும். இரண்டில் ஒருவரைத்தான் கண்டுபிடிக்கிறோம் என்று வையுங்கள். போன வாரமும் பாதி, இந்த வாரமும் பாதி. ஆனால் போன வாரத்தைவிட இந்த வாரம் எத்தனை மடங்கு என்ற விகிதம் மாறாது. உயரம் பொய் சொல்லும் போதும் திசை உண்மை சொல்லும். பீ.சி.ஆர். பரிசோதனைகளின் எண்ணிக்கையைத் திடீரென்று கூட்டினாலோ குறைத்தாலோ சில நாளைக்கு இதுவும் தடுமாறும், அதை மறைக்கக் கூடாது.

இதில் தீராத சிக்கல்களும் உண்டு. 2021 ஜனவரி, பெப்ரவரியை நினைத்துப் பாருங்கள். நாளாந்தத் தொற்று எழுநூறு, எண்ணூறு, தொள்ளாயிரத்தை ஒட்டி என்று வாரக்கணக்கில் அப்படியே ஓடியது. பரவல் எண் ஒன்றைச் சுற்றியே நின்றது. அது ஏற்றமா, இறக்கமா? இரண்டும் இல்லை. அதற்கு ‘நிற்கும் தண்ணீர்’ என்று தனியாகப் பேர் வைக்கலாம் என்பது என் கருத்து. அடுத்தது தாமதம். இன்று தொற்றியவருக்கு நாலைந்து நாளில் காய்ச்சல், பிறகு பரிசோதனை, பிறகு முடிவு, பிறகு அறிவிப்பு. மரணம் அதற்கும் பல நாள் பிந்தி. ஆகவே எந்தக் கோடும் பிந்தித்தான் விழும். இரண்டு வாரம் தொடர்ந்து ஏறினால் சங்கு ஊதலாம் என்று நான் சொல்வேன். பொய்ச் சங்காகப் போனாலும் பரவாயில்லை.

நமக்காவது நாளாந்தக் கணக்கு இருந்தது. 1918 இல் இந்த வசதி எதுவும் இல்லை. அந்த வருஷத்து இன்புளுவென்சாக் கொள்ளை நோய் இலங்கைக்கும் வந்தது. மனிதரைத் தாக்கும் இன்புளுவென்சாக் கிருமியைப் பிரித்தெடுத்ததே 1933 இல்தான். பரிசோதனை இல்லை, தொற்றாளர் கணக்கும் இல்லை. மிஞ்சியது மரணப் பதிவேடு ஒன்றுதான். சித்தார்த் சந்திரா, டில்ஷானி சரத்சந்திர என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய புள்ளிவிவரங்களை எடுத்து ஆராய்ந்து 2014 இல் எழுதினார்கள். அந்தக் கொள்ளை நோயால் இலங்கைக்கு நேர்ந்த மக்கள்தொகை இழப்பு ஏறத்தாழ 307,000, அதாவது 6.7 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் உச்சம் ஒரே நேரத்தில் வரவில்லை என்பதும் அந்தப் பதிவுகளிலிருந்துதான் தெரிய வந்தது. அவற்றை எழுதி வைத்த பதிவாளர்கள் நூறு வருஷம் கழித்து ஒருவர் படிப்பார் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

அப்படி ஒரு பதிவேட்டைப் பற்றித்தான் கடைசியாகப் பேச வேண்டும். அதற்கு முன் நம் வீடுகளில் பேசாமல் விட்ட ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும்.

அரசாங்கத்தின் கோடு 2020 ஒக்டோபர் 4, 2021 ஏப்ரல் 15. மண்ணில் அடக்க வேண்டிய நம் ஜனாஸாக்களுக்கு வேறு கோடு. 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி, கொவிட்டில் மரணித்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலில் அடக்கவும் இடம் இருந்தது. கேட்கவில்லை. பிறந்து இருபதே நாளான குழந்தையையும் அந்த டிசெம்பரில் எரித்தார்கள். அதை எதிர்த்து மக்கள் வேலிகளில் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி 25 இல் வர்த்தமானி மாறியது. மார்ச் 5 இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் அடக்கம். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

ஆகவே நம்மிடம் ‘உங்கள் வாப்பா எந்த அலையில் மௌத்தானார்?’ என்று யாரும் கேட்பதில்லை. ‘மார்ச்சுக்கு முன்னாலயா, பின்னாலயா?’ என்றுதான் கேட்கிறார்கள். முன்னால் என்றால் சாம்பல். பின்னால் என்றால் இருநூறு கிலோமீற்றருக்கும் அப்பால், கிழக்குக் கரையில் ஒரு கப்ர். ஒரு வருஷம், 2022 மார்ச் வரை, அங்கேதான் கொண்டுபோனார்கள். இந்தக் கரையில் மரணித்தவர் அந்தக் கரையில். டெல்ட்டா வந்த அந்த ஆகஸ்டில் ஓட்டமாவடிக்குப் போன வாகனங்கள் எத்தனை என்பதை இங்கே இருக்கிற பல குடும்பங்கள் அறியும். அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களும் ஒரு வரையறைதான் செய்கிறார்கள், தங்களுக்கு எது பெரிதோ அதை வைத்து. அதில் பிழை காண எனக்கு மனம் வரவில்லை.

இனி என் கோரிக்கை. நம் பள்ளிவாசல்களில் ஜனாஸாப் பதிவேடு இருக்கிறது. மாதா மாதம் எத்தனை ஜனாஸா என்று 2015 முதல் 2019 வரை எண்ணிச் சராசரி எடுங்கள். பிறகு 2020, 2021, 2022. சராசரியைவிட எத்தனை கூடுதல் என்று மாதத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். கொவிட் என்று சான்றிதழ் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள், வைத்தியசாலைக்குப் போகப் பயந்து வீட்டிலேயே மௌத்தானவர்கள், எல்லோரும் அந்தப் புள்ளிக்குள் வருவார்கள். ஊருக்கென்று ஓர் அலை வரைபடம் கிடைக்கும். கொழும்பின் உச்சமும் நம் உச்சமும் ஒரே மாதமா, இரண்டு வாரம் பிந்தியதா என்பதும் தெரியும். உயர்தரத்தில் கணிதம் படிக்கும் பிள்ளைகள் ஒரு விடுமுறைக்குள் செய்து முடிக்கலாம். வரைபடத் தாள் என் செலவு.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. எரிக்கப்பட்டவர்களின் பேரும் ஓட்டமாவடியில் அடக்கப்பட்டவர்களின் பேரும் பெரும்பாலும் நம் மையவாடிப் பதிவில் இருக்காது. இங்கே குழி வெட்டவில்லை, ஆகவே எழுதவில்லை. அவற்றை வீடு வீடாகத்தான் கேட்டு வாங்க வேண்டும். பேர், வயது, மௌத்தான திகதி, அவ்வளவு போதும். கொத்தணி என்று கட்டம் போட வேண்டாம். பெண்கள் உள்ள வீட்டுக்குப் பெண் பிள்ளைகளும் கூடப் போங்கள். முதலில் என்னிடம் பதிவேட்டைக் கொண்டுவருகிற பள்ளிவாசலிலிருந்தே தொடங்குவோம். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நான் இதே இடத்தில் இருப்பேன்.